தாடையில் தொங்கிய மாஸ்க்

கேள்வி: கொரோனா காலத்தில் காலேஜ் பெண்கள் ஒழுங்காக மாஸ்க் போட்டார்கள், கை கழுவினார்கள். பையன்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. பெண்கள் இயல்பிலேயே பயந்தவர்கள் என்பதுதானே காரணம்? (வாசகர், அயனாவரம்)

பதில்: பயமா? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இலேயே, அதாவது கொரோனாவுக்கு முன்பே, ஒரு கணக்கு வந்தது. மாஸ்க், கை கழுவுதல், கூட்டத்தைத் தவிர்த்தல் ஆகியவற்றைச் செய்யும் வாய்ப்பு பெண்களிடம் சுமார் 50 சதவீதம் அதிகம். தடுப்பூசி, மருந்து என்று வந்தால் ஆண்கள் சற்றே முன்னால். பயம்தான் காரணமென்றால் ஊசிக்கும் பெண்கள்தானே முந்த வேண்டும்?

ஒரு தடவை செய்துவிட்டு மறக்கக்கூடியதை ஆண் செய்கிறான். நாள் முழுக்க ஞாபகம் வைக்க வேண்டியதை விட்டுவிடுகிறான். காய்ச்சலில் கிடக்கும் தாத்தாவுக்குக் கஞ்சி கொடுப்பதையும் அவர் டம்ளரைத் தனியே வைப்பதையும் மகளிடமே ஒப்படைத்து வளர்த்தால் வேறென்ன நடக்கும்? இத்தனைக்கும் கொரோனாவில் உயிர் போகும் ஆபத்து ஆண்களுக்குத்தான் கூடுதல்.

போட்ட பையன்களும் தாடையில்தான் போட்டார்கள். பேசும்போது கீழே இறக்கினார்கள். சும்மா இருப்பதைவிடப் பேசும்போதுதான் எச்சில் துளி அதிகம் தெறிக்கும். சர்ஜிக்கல் மாஸ்க்கில் நீலப் பக்கம் வெளியே, கம்பி மேலே. கம்பியை இரண்டு கை விரல்களாலும் மூக்கின் நடுவிலிருந்து இருபுறமும் அழுத்த வேண்டும். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் மேலே இடைவெளி இருக்கிறது. தாடி வைத்தவருக்கு என்95 முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று கசியும். கழற்றும்போது காது நாடாவைப் பிடியுங்கள், முன்பக்கத்தைத் தொடாதீர்கள்.

2020 ஆகஸ்ட் 18-இல் சென்னையில் டாஸ்மாக் திறக்க டோக்கன், இடைவெளி, மாஸ்க் என்று அத்தனை நிபந்தனையும் யோசிக்க முடிந்தது. ஆண்கள் கழிவறையில் ஒரு சோப்பு வைக்க மட்டும் இந்த ஊரில் யாருக்கும் தோன்றுவதில்லை! இதை இந்தப் பக்கத்தில் இன்னும் எத்தனை முறை எழுதுவது?

இங்கிலாந்தின் நெடுஞ்சாலைக் கழிவறைகளில் நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. சோப்பால் கை கழுவிய பெண்கள் 64 சதவீதம், ஆண்கள் 32. விதவிதமான வாசகங்களை எழுதி வைத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு நினைவூட்டலே போதுமானதாக இருந்தது; ஆண்களை அருவருப்பூட்டும் வாசகம் அசைத்தது. இருபாலருக்கும் சேர்த்து அதிகம் பலித்தது, ‘பக்கத்தில் நிற்பவர் சோப்பால் கழுவுகிறாரா?’ என்ற கேள்வி.

காலேஜ் முதல்வர்கள் அந்தக் கேள்வியை ஆண்கள் ஹாஸ்டலில் எழுதி வைக்கட்டும். அதற்கு முன் ஒவ்வொரு குழாயடியிலும் சோப்பு வேண்டும், தீர்ந்த அன்றே மாற்ற ஆள் வேண்டும். கழுவ 20 விநாடி. கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.