நான் எடுக்கும் ஆவணப்படத்தில் பழைய செய்திப்படக் காட்சிகளுக்குப் பாட்டு போட்டு வெட்டினால் அது வரலாற்றைத் திரிப்பதாகாதா?

ஆகலாம். மெதுவான ஒரு வயலினைப் போட்டால் எந்தத் தலைவரையும் தியாகியாக்கிவிடலாம். அப்படி எடுத்த ஆவணப்படங்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் பாட்டும் அந்த அரசியலுக்குள் இருந்திருந்தால்? இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், பெல்ஜிய இயக்குநர் யோஹன் கிரிமான்பிரேயின் 2024-ஆம் ஆண்டுப் படமான 'சவுண்ட்டிராக் டு எ கூ தெத்தா' ('ஓர் ஆட்சிக் கவிழ்ப்பின் பின்னணி இசை'). ஜாஸ் இசையையும் ஓர் ஆப்பிரிக்கத் தலைவரின் வீழ்ச்சியையும் பின்னிச் சொல்லும் ஆவணப்படம். இரண்டரை மணி நேரம் ஓடும். பெரும்பகுதி பழைய காட்சிகள்தான். விளக்கம் சொல்ல இயக்குநரின் குரல் கிடையாது.

கதை காங்கோவில் நடக்கிறது. பெல்ஜியத்தின் பிடியிலிருந்து அந்த நாடு 1960 ஜூன் 30 அன்று விடுதலை பெற்றது. முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா. இரண்டு வாரம் ஆவதற்குள் கட்டாங்கா மாகாணம் பெல்ஜியத்தின் ஆதரவோடு தனியே பிரிந்தது. ஹிரோஷிமா குண்டுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு அந்த மாகாணத்தின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனது என்றால், எல்லாருக்கும் அங்கே என்ன வேலை என்று புரியும். 1961 ஜனவரி 17 அன்று லுமும்பாவை அதே கட்டாங்காவில் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, இதில் ஜாஸ் எங்கே வருகிறது? அமெரிக்க வெளியுறவுத்துறை 1956 முதல் ஜாஸ் கலைஞர்களைத் தூதர்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. முதலில் போனவர் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி. உள்நாட்டில் கறுப்பின மக்களுக்குச் சமஉரிமை இல்லை, சோவியத் ஒன்றியம் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தது. கறுப்பினக் கலைஞர்களை மேடையேற்றி அனுப்புவது அதற்கு ஒரு பதில். அப்படித்தான் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1960 அக்டோபர் இறுதியில் காங்கோவின் தலைநகரான லியோபோல்ட்வில் (இன்றைய கின்ஷாசா) போய் இறங்கினார். ஜனங்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே நகரத்தில், பதவி பறிக்கப்பட்ட லுமும்பா வீட்டுக் காவலில் இருந்தார்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததும் பாட்டு பின்னணி இசை என்ற இடத்திலிருந்து நகர்ந்து சாட்சிக் கூண்டுக்கு வந்துவிடுகிறது. லுமும்பா காவலிலிருந்து தப்பி, மறுபடி பிடிபட்ட பிறகு எடுத்த ஒரு காட்சி உலகறிந்தது. கைகளைப் பின்னால் கட்டி லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு சிப்பாய் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்துகிறான். அவர் எழுதிய காகிதத்தையே கசக்கி வாயில் திணிக்கிறார்கள். லுமும்பாவின் முகம் அசையவே இல்லை. ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டைக் கேட்டுவிட்டு இதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

ஆம்ஸ்ட்ராங்கை எளிதாகக் குற்றவாளி ஆக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர்களைத் தடுத்தபோது, அரசாங்கம் ஏற்பாடு செய்திருந்த சோவியத் பயணத்துக்குப் போகமாட்டேன் என்று 1957-இல் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அவரையே இன்னொரு நாட்டில் முகமாகப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் கொடுமை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. வெட்டு சில இடங்களில் காலக்கணக்கைத் தாண்டி ஓடுகிறது. அமெரிக்கப் பாடகி நீனா சிமோன் நைஜீரியாவின் லாகோஸில் பாடியது 1961 டிசம்பரில். அழைத்துப் போன அமைப்புக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது உண்மை. ஆனால் அப்போது லுமும்பா இறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. படத்தின் வேகத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததுபோல எனக்குத் தோன்றியது. நீங்கள் பயப்படுகிற திரிபு இப்படித்தான் நுழையும்.

அதற்குப் படம் கையாளும் மருந்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு செய்தி வந்தால் அது எந்தப் புத்தகம், யார் எழுதியது, எத்தனையாவது பக்கம் என்று திரையிலேயே எழுத்தில் வருகிறது. சந்தேகம் இருந்தால் நிறுத்திவிட்டுப் போய்ச் சரிபார்க்கலாம். பழைய காட்சி மனசை ஒரு பக்கம் இழுக்கும்போது, 'இந்தா ஆதாரம்' என்று நீட்டுகிற நாணயம் எத்தனை ஆவணப்படங்களில் இருக்கிறது? நடுவில் திடீரென்று டெஸ்லா காரும் ஐபோனும் விளம்பரமாக வந்து போகும். இப்படிப்பட்ட பேட்டரிகளுக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கு அதே காங்கோ மண்ணிலிருந்துதான் வருகிறது. அதற்கு யாரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை, தேவையும் இல்லை.

அப்புறம் ஜாஸ் பாடகி ஆபி லிங்கன். லுமும்பா கொல்லப்பட்ட செய்தியை 1961 பிப்ரவரி 13 அன்றுதான் வெளியிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஐநா பாதுகாப்பு அவைக்குள் ஆபி லிங்கன், டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச், எழுத்தாளர் மாயா ஆஞ்சலூ உள்ளிட்டோர் புகுந்து கூச்சலிட்டு கூட்டத்தை நிலைகுலைய வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரோச்சின் 'வி இன்சிஸ்ட்!' இசைத்தட்டில் வார்த்தையே இல்லாமல் அடித்தொண்டையிலிருந்து அலறியிருந்தார் லிங்கன். அந்த அலறலும் அவைக்குள் நடந்த தள்ளுமுள்ளும் ஒரே பெண்ணுடையவை. இங்கே இசையைச் சேர்த்தது திரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் படத்துக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பாட்டு அந்த வருஷம் யாருக்காக, யார் காசில் பாடப்பட்டது? பதில் கிடைத்தால் தைரியமாக வையுங்கள். கிடைக்காவிட்டால் காட்சியை அதன் சொந்தச் சத்தத்தோடு விட்டுவிடலாம்.

படத்தைப் பார்க்கும் முன்பு 'இந்தெபந்தான்ஸ் சா சா' ('விடுதலை சா சா') பாட்டை ஒருமுறை கேட்டுவிடுங்கள். விடுதலைப் பேச்சுவார்த்தை நடந்த 1960-இல் பிரஸ்ஸல்ஸில் காங்கோ பாடகர் ஜோசப் கபசெலேயின் குழு உருவாக்கிய பாட்டு, லுமும்பா, பிறகு முதல் குடியரசுத் தலைவரான கசாவூபு என்று தலைவர்களின் பெயர்களைச் சொல்லியே பாடுகிறார்கள். அந்தப் பெயர்கள் காதில் பதிந்திருந்தால் படத்தின் தொடக்கத்தில் யார் யார் என்று திணற வேண்டியிருக்காது.