காதுக்கு முன்னாலா, கீழேயா, கம்பியா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். என் தம்பி (26) எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்ததில் ஒரு பக்கத் தாடை மூட்டு உடைந்துவிட்டது. ஒரு டாக்டர் காதுக்கு முன்னால் திறக்கவேண்டும் என்கிறார், இன்னொருவர் காதுக்குக் கீழே என்கிறார், மூன்றாமவர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டினாலே போதும் என்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், தழும்பே விழாமல் லேசரில் செய்யும் இடம் தெரியும், இன்றைக்கே போகணும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: வாசலில் நிற்பவரை முதலில் விடுங்கள். உடைந்த மூட்டை லேசர் ஒட்டவைக்காது. கேமரா உதவியோடு வாய்க்குள் வழியாகப் பிளேட் வைக்கும் முறை உண்டு. அது மூட்டுக்குச் சற்றுக் கீழே உடைந்த சிலருக்குத்தான், அதற்குப் பழகிய கையும் வேண்டும். 'இன்றைக்கே' என்பது கமிஷன் பேச்சு. மூச்சுத் திணறலோ, நிற்காத ரத்தமோ, தலைக்காயமோ இல்லையென்றால் வீக்கம் வடியச் சில நாள் காத்திருக்கலாம். இரண்டு வாரத்தைத் தாண்டவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்று டாக்டர்களும் முரண்படுவதாகத் தோன்றும். சிடி ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு "எந்த உயரத்தில் உடைந்திருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது?" என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் தீரும். மேலே, மூட்டின் தலைக்கு அருகே என்றால் காதுக்கு முன்னால். மூட்டுத் தலைக்கு அடியில் எலும்பு குறுகும் 'கழுத்தி'லோ அதற்குக் கீழேயோ என்றால் காது மடலுக்குக் கீழே, தாடைக்குப் பின்னால்; எலும்புக்கு நேர்வழி அதுதான், என் கையும் அங்கேதான் போகும். அங்கே உமிழ்நீர்ச் சுரப்பி இருப்பதால் சிலருக்குச் சில வாரம் எச்சில் கசியும். இன்னும் கீழே என்றால் தாடை ஓரத்துக்கு அடியில். எல்லா வழியிலும் பயம் முக நரம்புதான்: மேலே போனால் புருவம் தூக்க வராது, கீழே போனால் உதடு கோணும். பெரும்பாலும் சில மாதத்தில் சரியாகும். துண்டு விலகாமல், பல் பழையபடி சேர்கிறது என்றால் கத்தியே வேண்டாம்; கம்பியும் ரப்பரும் போதும்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியில் விழுந்து முகவாய் கிழிந்தால் தையல் போட்டு அனுப்பிவிடுகிறார்கள், காதருகே தொட்டுப் பார்ப்பதில்லை. மூட்டு உடைந்தது தெரியாமலே சில பிள்ளைகளுக்கு எலும்பு ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமல் போகிறது, தாடையும் ஒரு பக்கம் வளராது. வாய் திறக்கும்போது முகவாய் ஒரு பக்கம் ஒதுங்கினால் உடனே காட்டுங்கள். வளரும் எலும்பு தானே திருத்திக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் மென்மையான சாப்பாடும் வாயை அசைத்துக்கொண்டே இருப்பதும் போதும். வாரக்கணக்கில் கம்பி கட்டி இறுக்குவதுதான் ஆபத்து.

தம்பிக்கு இன்னொரு கருத்து வேண்டுமென்றால் கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் முகத்தாடை அறுவைப் பிரிவுக்குப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ள முடியுமா என்று ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். வாய் திறக்க முடியாதவனை வைத்துக்கொண்டு ஒரு கையெழுத்துக்கு மூன்று கவுன்டர் ஏறவைப்பார்கள். அந்த எரிச்சலில்தான் ஜனம் புரோக்கர் கையில் விழுகிறது. நஷ்டஈடு வாங்கித் தருகிறேன் என்று வார்டுக்கே வருபவர் நீட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்துப் பதிவேட்டின் நகலை மட்டும் நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.