முணுமுணுக்கிற வீடு

மதிப்பிற்குரிய அம்மா,

எனக்கு 69 வயது. தண்டையார்பேட்டையில் மகனோடு இருக்கிறேன். பட்டறையில் ரிவெட் அடிக்கிற பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன். தினமும் குறுக்கெழுத்து, வல்லாரைத் துவையல். 50 குறள் தடங்கலில்லாமல் சொல்வேன். ஆனாலும் வீட்டில் எனக்கு மறதியாம். "சர்க்கரை மாத்திரை தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வாங்கன்னேனே, மறந்துட்டீங்களா மாமா?" என்கிறாள் மருமகள். அவள் சொல்லவே இல்லை. சொன்னாலும் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு. மகனும் அவள் பக்கம். ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்டான். ரேஷனுக்குத் தனியாகப் போனால் சண்டை. நான் என்ன குழந்தையா? அவள் சொல்லவில்லை, அதுதான் உண்மை. தெருமுனை கேரம் போர்டுக்குக்கூட ஆறு மாதமாகப் போவதில்லை. பையன்கள் சிரித்தால் எதற்கென்றே தெரியாமல் நானும் சிரித்து வைக்க வேண்டியிருக்கிறது. அது போகட்டும். மூளை மழுங்காமல் இருக்க வேறென்ன பயிற்சி? மருமகளுக்கும் நாலு வார்த்தை எழுதுங்கள்.

பெயர் வேண்டாம்

ஐயா,

"அது போகட்டும்" என்றீர்களே, அதை நான் விடப்போவதில்லை. குறளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இளவயதில் மனப்பாடம் செய்தது மறதி நோய் வந்தவருக்கும் வெகுநாள் நிற்கும். என் சந்தேகம் உங்கள் காதின் மேல்.

ரிவெட் சத்தம் முதலில் தின்பது கீச்சென்ற மெல்லிய ஒலிகளை. உயிரெழுத்து காதில் விழும், ச, த, க நழுவிவிடும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. ஊரே முணுமுணுப்பதாகத் தோன்றும், பெண் குரல் இன்னும் மோசம். மருமகள் சொல்லியிருப்பாள், ஐயா. காதில் ஏறாதது மனதில் எப்படி நிற்கும்? அவளுக்கு என் நாலு வார்த்தை: அடுப்படியிலிருந்து கத்தாமல், முகத்துக்கு நேரே வந்து பேசம்மா.

மறதி நோய்க்கு வழிவிடுகிற, நம்மால் சரிசெய்யக்கூடிய பெரிய காரணங்களில் காது மந்தமும் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் 2024 குழு அறிக்கையும் சொல்கிறது. பாதிச் சொல்லை ஊகிப்பதிலேயே மூளை களைத்துவிடும். அப்புறம் ஆள் கூட்டத்தை விட்டு ஒதுங்குவார். நீங்கள் ஒதுங்கி ஆறு மாதம். குறுக்கெழுத்து அதற்கு ஈடாகாது.

ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். முதலில் குறும்பி அடைத்திருக்கிறதா பார்ப்பார்கள் (பட்ஸ் போடாதீர்கள், உள்ளேதான் தள்ளும்). பிறகு ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை. ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டும் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம், அதுவே மறதியாகக் காட்டும். நினைவாற்றல் சோதனை கடைசியில், காது மெஷின் தேவைப்பட்டால் அதை மாட்டிக்கொண்டு. இல்லையென்றால் கேள்வி விளங்காமலே தோற்பீர்கள். கார்டைப் பற்றி மகனிடம் அதற்குப் பின் பேசலாம்.

மெஷினைப் பலர் முதல் வாரமே பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். தட்டு விழுந்தால் இடி, சொந்தக் குரல் குடத்துக்குள் பேசியது மாதிரி. அமைதியான அறையில் தினம் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, டிவி, கடைசியில் தெரு என்று கூட்டுங்கள். பழகச் சில வாரங்கள் ஆகும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு, ராத்திரி பேட்டரி மூடியைத் திறந்து சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

அதுவரை கேரமைத் தள்ளிப்போட வேண்டாம். இன்று சாயங்காலம் பையன்கள் சிரித்தால் கூடச் சிரிக்காதீர்கள். "இன்னாடா சொன்ன, இப்படித் திரும்பிச் சொல்லு" என்று கேளுங்கள்.