மெயில் ஏன் ஸ்பாம்ல போய் விழுது? இந்த மாசம் வந்த கேள்விகள்

கேள்வி நிறைய வந்திருக்கு, ஒரே விஷயத்தைக் கேட்டவங்களை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கே: ஆபீஸ் மெயிலுக்கு ஒரு எஸ்பிஎஃப், நியூஸ்லெட்டர் சர்வீஸுக்கு ஒரு எஸ்பிஎஃப்னு ரெண்டு ரெக்கார்டு போட்டிருக்கேன். ஓகேவா சார்?

ப: ஓகே இல்ல. எஸ்பிஎஃப்ங்கறது உங்க பேர்ல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கெல்லாம் அனுமதின்னு டொமைன்ல எழுதி வைக்கிற குறிப்பு, ஒரு டொமைனுக்கு ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. ரெண்டு இன்க்ளூடையும் (அந்தந்த சர்வீஸோட அனுமதி லிஸ்டையும் சேர்த்துக்கோன்னு சொல்ற பகுதி) ஒரே வரில போடுங்க. அதைச் சரிபார்க்க டொமைன் விவரத்தைத் தேடுற டிஎன்எஸ் லுக்கப் மொத்தம் 10 தாண்டக் கூடாது, இன்க்ளூடுக்கு உள்ள இருக்குற இன்க்ளூடும் அந்தக் கணக்குல வரும், இதைத்தான் பாதிப் பேர் மறந்துடுறாங்க.

கே: மெயில் போகல. அவசரம். ஹெல்ப் பண்ணுங்க.

ப: என்னன்னு பண்றது? எந்த சர்வர், என்ன எரர், ஒண்ணுமே எழுதலையே. திரும்பி வந்த பவுன்ஸ்ல ஒரு நம்பர் இருக்கும், அதை அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க. 4-ல ஆரம்பிச்சா தற்காலிகம், 5-ல ஆரம்பிச்சா முடிஞ்சுது. 550 5.1.1னா அப்படி ஒரு ஐடியே இல்ல, அன்னிக்கே லிஸ்ட்ல இருந்து தூக்கிடுங்க. 5.7.26னா உங்க ஆத்தென்டிகேஷன்ல, அதாவது மெயில் நிஜமா உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு காட்டுற செட்டிங்ல, கோளாறு. நம்பர் இல்லாம எழுதுற கேள்விக்கு இனிமே பதில் கிடையாது.

கே: கூகுளோட போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்ல ஸ்பாம் ரேட் (ஸ்பாம்னு புகார் பண்றவங்க அளவு) 0.28 சதவீதம் காட்டுது. லிமிட் 0.3 தானே, சேஃப்தானே அண்ணா?

ப: இல்ல தம்பி. 0.3ங்கறது தொடவே கூடாத கோடு, 0.1க்கு கீழ வெச்சுக்கோங்கன்னு கூகுளே சொல்லுது. ஆயிரம் பேருக்கு ஒருத்தர், அவ்வளவுதான். இன்னொண்ணு, இன்பாக்ஸ்ல விழுந்த மெயிலை வெச்சுத்தான் இந்தக் கணக்கு. நேரா ஸ்பாம் ஃபோல்டருக்குப் போன மெயிலை யாரும் புகார் பண்ண மாட்டாங்க, அதனால ரேட் திடீர்னு இறங்கினா சந்தோஷப்படாதீங்க, மொத்தமும் ஸ்பாமுக்குப் போகுதான்னு முதல்ல பாருங்க.

கே: அன்சப்ஸ்க்ரைப் லிங்க்கை கொஞ்சம் கண்ணுல படாத மாதிரி வெச்சா லிஸ்ட் குறையாம இருக்கும்ல?

ப: எத்தனையோ தடவை சொல்லியாச்சு, திரும்பவும் சொல்றேன். போகணும்னு நினைக்கிறவர் போயே தீருவார். லிங்க் கிடைச்சா அதை அமுக்குவார், கிடைக்கலைன்னா ஸ்பாம் பட்டனை அமுக்குவார், அது எப்பவும் கைக்கு எட்டுற இடத்துல இருக்கு. முதல் வழில போனா உங்களுக்கு ஒரு ஐடி நஷ்டம். ரெண்டாவது வழில போனா ஆசையா காத்துட்டிருக்குற மிச்சப் பேருக்குப் போற மெயிலும் சேர்ந்து அடி வாங்கும்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். அவங்க ஆஃபர் மெயிலை என் போன்ல திறந்தேன். பெரிய பேனர், பத்து புடவை படம், கடை அட்ரஸ், அதுக்கும் கீழ வெள்ளை மேல வெளிர் சாம்பல்ல எறும்பு சைஸ்ல அந்த லிங்க். கட்டைவிரலை வெச்சா பக்கத்துல இருக்குற இன்ஸ்டாகிராம் ஐகான்தான் திறக்குது. நாலாவது தடவைதான் லிங்க் மேல பட்டுச்சு, பட்டா லாகின் பண்ணச் சொல்லுது, பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கும், ரீசெட் போட்டா அதுக்கு ஒரு மெயில், உள்ள போனா ஏன் போறீங்கன்னு ஆறு கேள்வி, எல்லாம் முடிச்சா பத்து நாள் ஆகும்னு வருது. அவர் வேணும்னு பண்ணல, டெம்ப்ளேட் செஞ்சு கொடுத்தவங்க அப்படி வெச்சுட்டாங்க. ஆனா ஸ்பாம் ரேட் 0.4 தாண்டி, ரெண்டு வாரமா அவங்க அனுப்புற பில் கூட ஸ்பாம்ல கிடந்துச்சு, பணம் கட்டினவங்க பில் வரலைன்னு கடைக்கு போன் பண்ணி சண்டை போடுறாங்க. மனசு கஷ்டமா இருந்துச்சு.

2024-ல இருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல மெயில் அனுப்புறவங்களுக்கு விளம்பர மெயில்ல ஒன்-கிளிக் அன்சப்ஸ்க்ரைப் கட்டாயம், யாஹூவும் அதையேதான் கேக்குது. ஹெடர்ல (மெயிலோட படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகள்) லிஸ்ட்-அன்சப்ஸ்க்ரைப், லிஸ்ட்-அன்சப்ஸ்க்ரைப்-போஸ்ட் ரெண்டும் இருக்கணும், டிகிம் சிக்னேச்சர் (மெயிலை நடுவுல யாரும் மாத்தலைன்னு காட்டுற டிஜிட்டல் கையெழுத்து) ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கணும், சொன்ன 2 நாளைக்குள்ள பேரை எடுத்துடணும். மெயிலுக்கு உள்ளயும் படிக்கிற சைஸ்ல ஒரு லிங்க் வைங்க. மெயில் சுமார் 100 கேபி தாண்டினா ஜிமெயில் வாலை வெட்டிடும், அடில வெச்ச லிங்க்கும் அதோட போயிடும், அதனால நான் எல்லாரையும் மேலயும் ஒண்ணு வைக்கச் சொல்றேன். பயப்படாதீங்க, போறவங்க போகட்டும்.

கே: 2019 எக்ஸிபிஷன்ல வாங்கின 40,000 ஐடி சும்மா கிடக்கு. தீபாவளிக்கு ஒரே ஒரு மெயில் அனுப்பலாமா?

ப: வேண்டாம். ரெண்டு வருஷம் தொடாத அக்கவுன்ட்டை கூகுள் 2023 டிசம்பர்ல இருந்து அழிச்சுட்டு வருது, உங்க 40,000ல எத்தனை உயிரோட இருக்குன்னு யாருக்கும் தெரியாது. கைவிட்ட ஐடி சிலதை மெயில் கம்பெனிக்காரங்களே ஸ்பாம் ட்ராப்பா (கேக்காம மெயில் அனுப்புறவங்களைப் பிடிக்கிற பொறி) மாத்தி வெச்சிருப்பாங்க, அதுல போய் அடிச்சா பிளாக்லிஸ்ட்தான். உங்ககிட்ட கேட்டவங்களுக்கு மட்டும் அனுப்புங்க. கடைசி ஒரு வருஷத்துல பொருள் வாங்கினவங்க லிஸ்ட் இருக்கும்ல, அது 2,000 பேர்னாலும் போதும்.

கே: ஓப்பன் ரேட் 60 சதவீதம் வருது. அப்போ ஜிமெயில் மாதிரி மெயில் கம்பெனிங்ககிட்ட எங்க ரெப்யூட்டேஷன் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

ப: அர்த்தம் இல்ல. மெயில்ல இருக்குற படம் லோடானா திறந்ததாத்தான் கணக்கு, ஆனா 2021-ல இருந்து ஆப்பிள் மெயில் ஆளு திறக்குறதுக்கு முன்னாடியே படத்தை எல்லாம் எடுத்து வெச்சுக்குது. கிளிக்கைப் பாருங்க, ரிப்ளையைப் பாருங்க.

கே: புது டொமைன் வாங்கியிருக்கோம். என்னிக்கு ஃபுல் லிஸ்டுக்கு அனுப்பலாம்?

ப: நாலஞ்சு வாரம் பொறுங்க. நூறு பேர்ல ஆரம்பிங்க, அதுவும் உங்க மெயிலை வழக்கமா கிளிக் பண்றவங்களா பார்த்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஆஃபருக்கு ஒரு சப்டொமைன் (உங்க டொமைனுக்கு கீழ தனிப் பேர்), பில், ஓடிபிக்கு வேற ஒண்ணு. துணிக்கடைக்காரருக்கு நான் முதல்ல செஞ்சு கொடுத்தது இதைத்தான். கேட்டவங்களுக்கு மட்டும் அனுப்புங்கங்கறது இங்கயும் பொருந்தும்.

கே: எங்க லிஸ்ட்ல ஜிமெயில் கம்மி, அவுட்லுக்தான் ஜாஸ்தி. டிமார்க் எல்லாம் எங்களுக்கு எதுக்கு?

ப: 2025 மே 5-ல இருந்து மைக்ரோசாஃப்ட்டும் அதே 5,000 கணக்கு வெச்சு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (முதல் ரெண்டும் தேறாத மெயிலை என்ன பண்ணணும்னு நீங்க சொல்ற விதி) மூணும் கேக்குது. இன்னிக்கே போடுங்க.