ஆய்வகப் பள்ளியில் எதைப் பார்ப்பது? கேள்வி பதில்

ஜப்பானில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த ஆய்வகப் பள்ளிகள், அதாவது கற்பிக்கும் முறைகளைச் சோதித்துப் பார்க்கும் பள்ளிகள், தங்கள் வகுப்புகளை ஆண்டில் சில நாள்கள் வெளி ஆசிரியர்களுக்குத் திறந்துவைக்கின்றன. அங்கே செல்லும் ஆசிரியர் குழுக்களுடன் சில முறை உடன்சென்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இயன்றவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (சேலம், தொடக்கப் பள்ளி ஆசிரியை): தோக்கியோவில் சுகுபா பல்கலைக்கழகத்தின் இணைப்புத் தொடக்கப் பள்ளிக்குச் செல்லவிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும், ஐயா?

பதில்: ஆசிரியரைப் பார்க்காதீர்கள் அம்மா, பிள்ளைகளைப் பாருங்கள். முதலில், வாசலில் தரப்படும் பாடக்குறிப்பைப் படித்துவிடுங்கள். நம் பாடக்குறிப்பில் ஆசிரியர் என்ன செய்வார் என்பதே நிறைந்திருக்கும். அங்கே, ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் எப்படியெல்லாம் பதில் சொல்லக்கூடும் என்பதற்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். முதல் வகுப்பில் 13-இலிருந்து 9-ஐக் கழிக்கும் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணும். இன்னொரு பிள்ளை 10-இலிருந்து 9-ஐ எடுத்துவிட்டு, மிஞ்சிய 1-ஐ 3-உடன் கூட்டும். மூன்றாவது பிள்ளை முதலில் 3-ஐயும் பிறகு 6-ஐயும் எடுக்கும். விடை எல்லோருக்கும் 4 என்றாலும், பாடம் அதோடு முடிவதில்லை; இந்த மூன்று வழிகளையும் பலகையில் அருகருகே வைத்து ஒப்பிடும்போதுதான் பாடம் தொடங்குகிறது. அந்த உரையாடலை அவர்கள் 'நெரியகே' என்பார்கள். மாவைப் பிசைந்து பதப்படுத்துவது போன்ற வேலை என்று பொருள். ஆகவே ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு, அதன் நோட்டில் என்ன எழுதப்படுகிறது, எது அழிக்கப்படுகிறது, எப்போது கை நிற்கிறது என்பதைப் பாடம் முடியும்வரை குறித்துவாருங்கள்.

கேள்வி (திருச்சி): ஜப்பானிய மொழி தெரியாமல் என்ன புரியும்?

பதில்: பலகை புரியும். நல்ல ஆசிரியர் அங்கே பாடம் முடியும்வரை பலகையை அழிப்பதில்லை. இடமிருந்து வலமாகப் பார்த்துச் சென்றால் கேள்வி, பிள்ளைகளின் வழிகள், முடிவு என்று முழுப் பாடமும் வரிசையாகத் தெரியும். தொடக்கத்தில் கணித வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (கோவை): கைப்பேசியில் படம் எடுக்கலாமா?

பதில்: பள்ளி எழுத்தில் அனுமதித்தால் ஒழிய, கூடாது.

கேள்வி (மதுரை, பி.எட். மாணவர்): ஒரு பிள்ளை தவறாக எழுதினால், மெல்லச் சுட்டிக்காட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. நீங்கள் ஒரு சொல் உதிர்த்தாலும், பாடம் முடிந்ததும் ஆசிரியர்கள் கூடி நடத்தும் கலந்தாய்வில் எல்லோரும் அலசுவது அந்தப் பிள்ளையின் சிந்தனையாக இராது, உங்களுடையதாக இருக்கும். பக்கவாட்டில் நில்லுங்கள், ஆசிரியர் மேசைகளுக்கிடையே நடக்கும் வழியை மறைக்காதீர்கள்.

கேள்வி (சென்னை, தலைமை ஆசிரியர்): பொறுக்கி எடுத்த பிள்ளைகள், நூற்றுக்கணக்கானோர் முன் மேடையில் பாடம். இது நாடகம் அல்லாமல் வேறென்ன? 45 பேர் உள்ள என் வகுப்புக்கு இதனால் என்ன பயன்?

பதில்: உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. சுகுபா பள்ளியில் சேர்க்கை குலுக்கலில் தொடங்கி, தேர்வுக்குப் பிறகு மறுபடியும் குலுக்கலில் முடிகிறது. எனவே அது ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்குமான பள்ளி அல்ல. அங்கே தொடக்க வகுப்புகளிலேயே பாடத்துக்கு ஒரு தனி ஆசிரியர் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நாடகம் என்பதை ஏற்கமாட்டேன். ஒத்திகை பார்த்த வகுப்பில் பிள்ளைகள் சரியான விடையை மட்டுமே சொல்வார்கள். நான் பார்த்த வகுப்புகளில், குறிப்பில் எதிர்பாராத ஒரு விடை வந்து ஆசிரியர் தடுமாறியதும், பிறகு அதைப் பற்றியே கலந்தாய்வில் அவரைச் சக ஆசிரியர்கள் விடாமல் கேட்டதும் உண்டு.

கேள்வி (அவரே மீண்டும்): தடுமாற்றத்தைப் பார்க்கவா இவ்வளவு தொலைவு போவது?

பதில்: ஆம், அதற்காகவே. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1896-இல் 16 பிள்ளைகளோடும் 2 ஆசிரியர்களோடும் ஆய்வகப் பள்ளியைத் தொடங்கிய அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி, 1904-இல் எழுதிய கட்டுரையொன்றில், பயிற்சி ஆசிரியர் முதலில் வகுப்பைப் பார்ப்பது உத்திகளைச் சேகரிப்பதற்காக இருக்கக்கூடாது, மனமும் மனமும் ஒன்றுக்கொன்று எப்படி எதிர்வினை செய்கின்றன என்பதை அறிவதற்காக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். உத்தியை மட்டும் எடுத்துவந்தால், ஐயா, உங்கள் 45 பேரிடம் அது மறுநாளே தோற்கும். எதிர்பாராத விடையை ஒருவர் எப்படிக் கையாண்டார் என்பதை எத்தனை பேர் உள்ள வகுப்புக்கும் கொண்டுவரலாம்.

கேள்வி (நெல்லை): ஒளிப்படம் எடுக்க அனுமதி உண்டா?

பதில்: கோவை நண்பருக்குச் சொன்னதே. காணொளிக்கும் அதுவே பதில். அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி (தருமபுரி): ஜப்பான் செல்ல வசதியில்லை. அருகில் ஏதேனும்?

பதில்: ஆசிரியர் பயிற்சி தரும் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் 1963-இலிருந்து இயங்குகிறது, தமிழ்நாடும் அதன் எல்லைக்குள் வருகிறது. அதன் வளாகத்திலேயே, பயிற்சி ஆசிரியர்கள் வகுப்புகளைப் பார்த்துக் கற்கும் செயல்விளக்கப் பள்ளி ஒன்று உண்டு. முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள். அங்கும் ஒரு பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (ஈரோடு): பார்வையிட்டதற்குச் சான்றிதழ் தந்தால் பதவி உயர்வுக்கு உதவுமா?

பதில்: உங்கள் கல்வி அலுவலகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (சேலம் ஆசிரியை): கடைசியாக ஒன்று, என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

பதில்: கோடிட்ட நோட்டு, பென்சில், கைக்கடிகாரம். உள்ளே அணிய ஒரு ஜோடி செருப்பும், கழற்றிய காலணியை வைத்துக்கொள்ள ஒரு பையும் வேண்டும்; வெளிக்காலணியோடு உள்ளே விடமாட்டார்கள்.