போலோ ஜிடி டிஎஸ்ஐ-க்குப் பெரிய பிரேக் கிட் போடலாமா?

கேட்டவரிடம் இருப்பது 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ. ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்திருக்கிறார். மாதம் ஒருமுறை கொல்லிமலை, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி ரேஸ் டிராக். பிரேக் போதவில்லை என்று தோன்றுவதால் ஆறு பிஸ்டன் காலிபரும் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) 330 மி.மீ. டிஸ்க்கும் உள்ள கிட் வாங்கலாமா என்கிறார்.

இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு செலவு செய்தாலே உங்கள் குறை தீர வாய்ப்பிருக்கிறது. நானும் இதே காரைத்தான் ஓட்டுகிறேன், நானும் இதே கிட்டுக்கு முன்பணம் கட்டும் வரைக்கும் போனவன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

காரியில் அன்று மூன்றாவது செஷன். நேர்பாதை முடிகிற இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்த் தரையைத் தொட்டது. விட்டு மறுபடி மிதித்தேன், மூன்றாவது மிதியில்தான் கொஞ்சம் பிடித்தது, அதற்குள் கார் பாதையை விட்டு மண்ணுக்குள் போய்விட்டது. நல்ல வேளை, எதிலும் மோதவில்லை. மறுநாள் மெக்கானிக் ஷெட்டில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பேட் பாதிக்கு மேல் இருந்தது, டிஸ்க்கும் நன்றாகவே இருந்தது. ஏர் எடுப்பதற்காக, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்காக, காலிபரில் கண்ணாடி மாதிரியான குழாயை மாட்டிவிட்டு, “அமுக்குங்ண்ணா... அப்படியே பிடிங்க” என்று அவர் திருகைத் தளர்த்தினார். காபி டிகாஷன் நிறத்தில் பிரேக் ஆயில், நடுநடுவே பொடிப்பொடியாகக் குமிழி. மூன்று வருடம் மாற்றாமல் ஓட்டியிருக்கிறேன்!

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அதற்கான தர அளவே 155 டிகிரிதான். கொதித்தால் ஆவி உண்டாகும். நீங்கள் மிதிக்கிற அழுத்தமெல்லாம் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேட் வரைக்கும் போகாது. எத்தனை பிஸ்டன் காலிபர் போட்டாலும் உள்ளே இருப்பது பழைய ஆயில் என்றால் இதே கதைதான்.

அதனால் முதலில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் ஆயில் கொதிக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. பெடல் கல் மாதிரி கெட்டியாக நிற்கிறது, எவ்வளவு அமுக்கினாலும் வேகம் குறையவில்லை, கருகிய வாடை வருகிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டும் இல்லாமல், மிதித்ததும் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கடகடவென்று உதைக்கிறது, ஆனாலும் கார் தள்ளிப்போய் நிற்கிறது என்றால் பிரேக்கில் வேலையே இல்லை, டயரை மாற்றுங்கள். சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பிரேக்கில் பலம் இருக்கிறது, பிடிப்பு தராதது ரப்பர். பலரும் கவனிக்காமல் விடுவது இந்த மூன்றாவதைத்தான்.

ரீமேப் செய்ததால் சுமை கூடியிருப்பது உண்மை. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சக்தி கூடுவதால், 140 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தும்போது உண்டாகும் சூடு, 100-லிருந்து நிறுத்தும்போது உண்டாவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதைத் தாங்குகிற ஆயிலும் பேடும்தான் உங்களுக்குத் தேவை. டாட் 5.1 அல்லது 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில், மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி, போட்டு ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் ஏர் எடுங்கள். வெறும் டாட் 5 வேறு, அது சிலிக்கான், உங்கள் காரில் ஊற்றக் கூடாது.

பேடில் ஃபெரோடோ டிஎஸ் 2500, இபிசி எல்லோஸ்டஃப் போன்றவை ரோட்டுக்கும் அவ்வப்போது டிராக்குக்கும் பொருந்தும். முழு ரேஸ் பேட் வாங்காதீர்கள், குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, காலையில் முதல் சிக்னலில் நிற்காத பேட் வீட்டுக் காருக்கு எதற்கு? புதுப் பேடைப் பழக்குவதும் முக்கியம். காலி ரோட்டில் வேகமெடுத்து, முழுக்க நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை அழுத்திக் குறைத்து, அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேட் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஸ்டீயரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று தூக்கிப்போடுகிறோமே, அதில் பெரும்பாலானவை இப்படி ஒட்டியவைதான்.

ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் பெடல் கொஞ்சம் கெட்டியாகும், விருப்பம் இருந்தால் போடுங்கள். ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டாம், டிராக் சூட்டில் ஓட்டையிலிருந்து விரிசல் விடும். தேய்ந்தால் நல்ல கம்பெனியின் சாதா டிஸ்க்கே போதும்.

இனி அந்தக் கிட். 330 மி.மீ. டிஸ்க்கும் அதைச் சுற்றிய காலிபரும் உங்கள் 15 அங்குல ரிம்முக்குள் அடங்காது, 17-க்குப் போக வேண்டும், சக்கரத்தின் எடை கூடும். முன்பக்கப் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் அதே மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்) இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டிவரும், பிரேக் பங்கு இன்னும் முன்னால் சாயும், ஏற்கெனவே டிரம் மட்டும் உள்ள பின்சக்கரம் தன் வேலையைச் செய்யாமல் நிற்கும். பொருத்தம் பார்க்காமல் போட்ட கிட்டினால் நிற்கும் தூரம் கூடிய கார்களும் உண்டு. உங்கள் காருக்கென்றே கணக்குப் போட்டுச் செய்த கிட் என்றால் மட்டும் பேசலாம், அதையும் வாங்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கொல்லிமலைக்கு ஒன்று. 70 கொண்டை ஊசி வளைவிலும் ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் போட்டுப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைத்து, வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்திப் பிடித்து விடுங்கள். இந்த வாரம் ஆயிலை மாற்றிவிட்டு ஒருமுறை இப்படி இறங்கிப் பாருங்கள், பெடல் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள், அடுத்து பேடா டயரா என்று பார்ப்போம்.