ஏழு வருட வேலை, இப்போது ‘நானே விலகுகிறேன்’ என்று கடிதம்

வணக்கம் தங்கச்சி. யாழ்ப்பாணத்துப் புடவைக் கடையில் ஏழு வருடம் வேலை செய்த உங்களை, "ஆட்கள் கூடிப்போச்சு, திங்களிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டு, நீங்களாகவே விலகுவதாக எழுதிய கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். தயவுசெய்து வைக்க வேண்டாம். என் மச்சாள் அப்படி வைத்துவிட்டு, தன்னை நிறுத்தியதை நிரூபிக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

கடையில் 20 பேர் என்கிறீர்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அந்தக் கடிதம் எதற்கு என்று இப்போது விளங்கும். ஐந்து வருடம் தாண்டியதால் பணிக்கொடையும் உண்டு: வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதாவது மூன்றரை மாதச் சம்பளம். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஒழுங்காகப் போனதா என்றும் பாருங்கள்.

சம்பளத் துண்டு, வரவுப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே முறையிடச் சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் களவுப் பழி சுமத்தினாலோ, விஷயம் வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போனாலோ, தொழில் வழக்குப் பழக்கமுள்ள ஒருவரைப் பிடியுங்கள். முறையிட, நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம்.